தேய்வதற்கென்றே ஒரு கார்

லண்டனில் எங்கள் தெருவில் புகைக் கட்டணக் கவலை இல்லாமல் நித்திரை கொள்கிறவன் நான். 2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி அந்தக் கட்டண வலயத்தை நகரத்தின் கடைசி ஓரம் வரைக்கும் விரித்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் 2013ஆம் ஆண்டு டீசல் கார் வாசலை விட்டு வீதிக்கு இறங்கினால் அன்றைய நாளுக்கு 12.50 பவுண். என்னுடைய 1967 மொறிஸ் மைனருக்கு ஒரு சதமும் இல்லை. நாற்பது வயது தாண்டிய வாகனம் சரித்திரச் சொத்து என்பது அரசாங்கத்தின் கணக்கு. ஆகவே வீதி வரி கிடையாது. 2018 மே மாதத்தோடு வருடாந்தத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்து என் காரை எழுப்பினால் தெருவின் பாதி மறைந்துபோகும். அந்த மறைந்த பாதிக்குள் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியில் தன் கட்டணத்தைச் செலுத்துவார்.

அரசாங்கம் வேண்டாம் என்று விட்ட வரியைக் கார் விடவில்லை. சனிக்கிழமைகளில் என் முதுகிலும் முழங்காலிலும் அறவிட்டுக்கொள்கிறது.

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகச் சனங்களுக்கு முகம் காட்டியது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் படைத்தவர் இவரே. கம்பனியின் முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் காரின் உருண்டை முகம் கண்ணில் காட்டக்கூடாது. ஓடுடைத்துத் தண்ணியில் அவித்த முட்டை என்று அதைப் பழித்தார். இசிகோனிசுக்கு வேறு ஒரு மனக்குறை. எல்லாம் முடிகிற நேரத்தில் கார் ஒடுக்கமாய் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுப்பித்தார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் விலகியதும் போதும் என்றார். அதற்குள் பம்பர்களைச் செய்து அடுக்கிவிட்டார்கள். அவற்றையும் நடுவில் வெட்டி நாலு அங்குலத் துண்டு ஒன்றை வைத்துப் பூட்டினார்கள். பொனற்றின் நடுவே ஓடுகிற தட்டையான பட்டை அந்த நாலு அங்குலத்தின் தழும்பு. பிறக்கும்போதே வெட்டிப் பொருத்தப்பட்ட கார் இது. அதை வீட்டு வாசலில் கழற்றிப் பூட்டுகிறவன் ஏதோ புதுப் பாவம் செய்கிறான் என்று யாரும் சொல்ல முடியாது.

முட்டை நன்றாக விற்றது. 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. அதைக் கொண்டாட 350 கார்களுக்கு வெளிர் ஊதா நிறம் அடித்தார்கள். கொண்டாட்டம் என்றால் என்ன நிறமும் அடிக்கலாம் என்பதற்கு அது சாட்சி. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்தக் காரின் கீழே பத்துப் பன்னிரண்டு இடங்களில் கிறீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. கிறீஸ் துப்பாக்கியை அவற்றில் வைத்து, பழைய கிறீஸ் பிதுங்கி வரும்வரைக்கும் அடிக்கவேண்டும். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை என்று பழைய கைநூல்கள் கட்டளையிட்டன. இன்றைய கார்க்காரனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். அவனுடைய கைநூல், பொனற்றைத் திறக்க முன்னர் தன் வியாபாரியைக் கலந்தாலோசிக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறது. 1950களின் கம்பனிக்காரனோ காரை வாங்குகிறவனுக்கு இரண்டு கை உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்று நம்பினான். அவனுடைய கணக்கில் கார் என்பது பாதி விற்பனை. மிச்சப் பாதி வாங்கியவனுடைய உழைப்பு.

அந்த நம்பிக்கை முழுவதும் வந்து குந்தியிருக்கிற இடம் முன்சில்லு. மைனரின் ஒவ்வொரு முன்சில்லுக்கும் பின்னால் ஓர் உருக்குத் தண்டு நிமிர்ந்து நிற்கிறது. அதன் மேல்நுனியிலும் கீழ்நுனியிலும் திருகுப்புரி உண்டு. மேல்நுனி ட்ரனியன் என்கிற புரியுள்ள மூடி ஒன்றுக்குள் திருகி நிற்கும், கீழ்நுனி இன்னொரு ட்ரனியனுக்குள். சோடாப் போத்தலின் திருகுமூடியை நினைத்துக்கொண்டால் சரி. நீங்கள் ஸ்ரியரிங்கை வளைக்கும்போது போத்தல் மூடிக்குள் கொஞ்சம் திரும்புகிறது, அவ்வளவுதான். காரின் முன்பாரம் அந்தப் புரியின் பற்களில் தொங்குகிறது. கிறீஸ் இருந்தால் பத்து வருசக்கணக்கில் ஒன்றும் ஆகாது. கிறீஸ் காய்ந்தால் புரி சத்தம் போடாமல் தேயும். ஒரு நாள் மூடி கழன்றுவிடும். சில்லு மட்காட்டுக்குள் மடிந்து, கார் முன்னங்காலை மடித்து வீதியில் உட்கார்ந்துவிடும். நல்லகாலம், மெதுவாக வளைத்துத் தரிக்கிற நேரத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கும் என்பார்கள். கடையின் வாசலில், பார்க்க ஆள் இருக்கிற நேரத்தில்.

ஆகவே மைனர் வைத்திருக்கிறவன் முதலில் படிக்கிற வேதம் ட்ரனியன். என்னுடையதில் சில்லைத் தூக்கிவிட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டொக்' என்று பதில் வந்தது. அது நல்ல பதில் இல்லை. புதிய தண்டு, புதிய ட்ரனியன், றபர் புஷ்கள் எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டேன். அதிசயம் என்னவென்றால் அரை நூற்றாண்டுக்கு முன் உற்பத்தி நின்ற இந்தக் காருக்கு இன்றைக்கும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் கிடைக்கிறது. ஒரு நேரக் கொத்து ரொட்டிக் காசுக்கு ஒரு பக்கத்து றபர் புஷ் முழுவதும் தபாலில் வரும். என்னுடைய மகனின் நாலு வயதுக் காருக்கு ஒரு பக்க விளக்கு உடைந்தபோது கம்பனி சொன்ன விலைக்கு மைனரின் முன்பக்கம் முழுவதையும் புதுப்பித்துவிடலாம். விளக்குக்குள் கணினி இருக்கிறதாம். எங்கள் விளக்குக்குள் விளக்கு இருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர் 1990களில் இலங்கையில் ஒரு பங்காளியைப் பிடித்து, மைனருக்கான தகடுகளும் பாகங்களும் செய்விக்கத் தொடங்கினார். ஒக்ஸ்போர்ட்டின் கௌலியில் பிறந்த காருக்கு இலங்கையிலிருந்து கைகால் போயிற்று. வெள்ளைக்காரன் தன் பாரம்பரியத்தைத் தடவிப் பார்க்கிறபோது சில இடங்களில் எங்கள் கொல்லனின் சுத்தியல் அடியையும் தடவுகிறான். அதை நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவருக்கு 12.50 பவுண் கவலையே போதும்.

பாகம் வந்துவிட்டது. இனிக் கழற்றவேண்டும். கழற்றுவதற்கு முன்னர் முன்னாள் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். பழைய கார் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒருவர் உண்டு. அவரைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் காரின் கீழே படுத்தவுடன் அவருடைய குணம், கல்வி, பொறுமை எல்லாம் தெரிந்துவிடும். என்னுடையவர் அவசரக்காரர். இந்தக் காரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டுக்கு அரை அங்குல ஸ்பனர் போடவேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அவரிடம் 13 இருந்திருக்கிறது. 13, 12.7க்கு ஏறக்குறையப் பொருந்தும். அந்த 'ஏறக்குறைய' என்பதுதான் உலகத்தில் எத்தனையோ நட்டுகளின் மூலைகளைத் தின்று அவற்றை உருண்டை ஆக்கியிருக்கிறது. உருண்டையாகிப்போன நட்டோடு மல்லுக்கட்டுகிறபோது அந்த மனிதரின் பரம்பரையை மூன்று தலைமுறை பின்னால் போய் விசாரித்துவிட்டு வருவேன்.

நட்டு மட்டும் இல்லை. வயரைச் சேர்க்கிற இடத்தில் ஒட்டுப்பிளாஸ்டர் சுற்றியிருந்தார், காயத்துக்குக் கட்டுகிறது. எரிபொருள் குழாயில் வயர் முறுக்கிக் கட்டியிருந்தார். ஓட்டை விழுந்த தளத் தகட்டை ஒரு பிஸ்கட் தகரத்தின் மூடியால் மூடி, மேலே தார் பூசியிருந்தார். தாரைச் சுரண்டினால் நத்தார் வாழ்த்து எழுத்து வந்தது.

நாங்கள் ஒரு சில்லுப் பக்கம் வேலை தொடங்கினோம். 'நாங்கள்' என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் வாசலில் வைத்து ஒரு மைனரை யாரும் தனியாகத் திருத்த முடியாது. ஜாக்கை வைத்துத் தூக்கி, இரும்புத் தாங்கிகளை இரண்டு பக்கமும் வைத்து, தரையில் படுக்கிற நேரத்தில் ஒரு சோடிச் சப்பாத்து வந்து நிற்கும். வயது போனவரின் சப்பாத்து. "எங்களிடமும் ஒன்று இருந்தது" என்று சப்பாத்து பேசத் தொடங்கும். 1960களில் பொலிசுக்கு மைனர், தபாலுக்கு மைனர், வீடு வீடாகப் போகிற தாதிக்கு மைனர். ஆகவே அறுபத்தைந்து தாண்டிய வெள்ளைக்காரர் எவருக்கும் மைனரோடு ஒரு தொடர்பு இருக்கும். ஒருவர் அதில்தான் சாரதிப் பரிசோதனைக்குப் போனவர். இன்னொருவர் அதில் தேன்நிலவுக்குப் போய் வேல்சில் மழையில் நின்றவர். ஓர் அம்மா தன்னைப் பிறக்கவைத்த மருத்துவிச்சி மைனரில்தான் வந்து இறங்கினாள் என்றார். அதற்கு நான் சாட்சி சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. எல்லாக் கதையும் கடைசியில் ஒரே வசனத்தில் முடியும்: அதை விற்றிருக்கக்கூடாது. நான் கீழே படுத்தபடி முகத்தில் துருவைத் துடைத்துக்கொண்டு, விற்றது நல்லது என்று ஆறுதல் சொல்வேன்.

எங்கள் ஆக்களின் விசாரணை வேறு மாதிரி. அவர்கள் நின்று கேட்கமாட்டார்கள். காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, "என்ன அண்ணை, வேலை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது கேள்வி இல்லை, அறிக்கை. அடுத்த ஞாயிறு கலியாண மண்டபத்தில் என்னை வேலையால் நிறுத்திவிட்டார்களாம் என்ற செய்தி சாப்பாட்டுப் பந்திக்கு முன்னரே பரிமாறப்பட்டிருக்கும். ஒரு மச்சான் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போய், தவணைக் காசுக்கு ஒரு ரொயோற்றா எடுத்துத் தரலாம், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று காதுக்குள் சொன்னான். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் ஊர்க் கராஜ்காரனின் உடுப்போடு வாசலில் நிற்கிறவன் ஏதோ ஒரு வகையில் விழுந்துவிட்டான் என்பது எங்கள் சமூகத்தின் தீர்ப்பு. மேன்முறையீடு கிடையாது.

ஒருவரைத் தவிர. எங்கள் தெரு முடக்கில் இருக்கிற ஐயா யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர். ஒஸ்ரின் ஏ 40 சோமசெற். பருத்தித்துறை வீதியில் அவருடைய காருக்கு எத்தனை பேர் ஏறலாம் என்று ஒருபோதும் கணக்கு இருந்ததில்லையாம். கதவு பூட்டினால் ஏறலாம், பூட்டாவிட்டால் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு வரலாம். அவருக்கு மகளின் வீட்டில் தனிக் கதிரை, தனித் தொலைக்காட்சி. ஆனால் என் வாசலில் ஸ்பனர் தரையில் விழுகிற சத்தம் கேட்டால் போதும், கம்பளிக் குல்லாவோடு வந்துவிடுவார். தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "தம்பி, ஒருக்கா ஆட்டு" என்பார். நான் சில்லை ஆட்டுவேன். "கீழ்ப் பக்கம்" என்பார். கீழ்ப் பக்கம்தான். கண்ணைத் திறக்கவே மாட்டார். இங்கே வாகனச் சோதனை நிலையத்தில் இதற்கு ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தேத்தண்ணி வேண்டியதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஐயா சொல்கிற கதைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது மண்ணெண்ணெய்க் காலம். 1990இல் போர் மறுபடி மூண்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் எப்படியோ, என்ன விலைக்கோ கிடைத்தது. புதிய ஜப்பான் கார்கள் மூலையில் நின்றன. அழுத்த விகிதம் குறைந்த பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெய்யைக் குடித்துக்கொண்டு வீதிக்கு இறங்கின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்யில் எழும்பாது. ஒரு சின்னப் போத்தலில் தங்கம் போலப் பொத்தி வைத்திருக்கிற பெற்றோலில் சில துளியைக் கார்பரேற்றருக்குள் விட்டு எழுப்பவேண்டும். சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பிறகு நிறுத்தினால் திரும்பப் பெற்றோல் செலவு, ஆகவே ஆஸ்பத்திரி வாசலிலும் கார் உறுமிக்கொண்டே நிற்கும். பொம்பிளை மாப்பிள்ளை மண்ணெண்ணெய் மணத்தோடு மணவறைக்கு வந்தார்கள். தேய்ந்த புஷ்ஷுக்குக் கடைசல் பட்டறையில் பித்தளை கடைந்து போட்டார்கள். உதிரிப்பாகம் என்று தபாலில் எழுதிக் கேட்க இடம் இல்லை. அந்தக் காரை ஓட வைத்தது பாரம்பரிய மோகம் இல்லை, வேறு வழியின்மை.

ஐயாவுக்கு நான் செய்கிற வேலை விளங்கும். நான் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்வது மட்டும் விளங்காது. "பொழுதுபோக்குக்குப் பிறேக் கழட்டுறியோ?" என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

வீட்டுக்குள்ளே இந்த வேலையின் கிளை நிலையங்கள் உண்டு. பெயாரிங் ஒன்றைப் பொருத்தவேண்டும் என்றால் பெயாரிங்கைக் குளிர்விக்கவேண்டும், அது போய் உட்காருகிற இரும்பைச் சூடாக்கவேண்டும். ஒன்று சுருங்கும், ஒன்று விரியும். சுத்தியலால் அடிக்காமல் உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். பௌதிகம் சொல்லித்தருகிற மிக நாகரிகமான வழி. அதற்குக் குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டு வேண்டும். அங்கே முருங்கைக்காய்ப் பொதிக்கும் மீன் பொதிக்கும் நடுவில் நான் வைத்த பொதியை மனுசி வெளியே எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, இது என்ன மீன்?"

"முன்சில்லுப் பெயாரிங்."

"கழுவி வச்சதோ, கழுவாமல் வச்சதோ?"

கிறீஸ் போடாதது என்று உத்தரவாதம் கொடுத்தேன். அவள் அதை மீனிலிருந்து தள்ளி, ஐஸ்கிறீம் பக்கம் வைத்தாள். வீட்டு வேலை, கார் வேலை இரண்டையும் பிரிக்கிற எல்லை எங்கள் வீட்டில் அந்த ஐஸ்கிறீம் பெட்டி. சூடாக்குகிற பாகத்துக்காக அடுப்பைக் கேட்டபோது மட்டும் சம்மதிக்கவில்லை. அடுப்பில் அன்றைக்குக் கேக் இருந்தது. கேக்கை வெளியே எடுத்த பிறகு மிச்சச் சூட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்படித்தான் வலப்பக்கத்து முன்சில்லு வனிலா மணத்தோடு கூடியது.

முன்சில்லு முடிந்ததும் பிறேக். மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரை எங்கே வைத்தார்கள் என்பது தனியாக ஒரு நூல் எழுதவேண்டிய விஷயம். மற்றக் கார்கள் பலவற்றில் அது எஞ்சினுக்குப் பக்கத்தில், பொனற்றைத் திறந்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். மைனரில் ஓட்டுகிறவரின் காலடித் தகட்டுக்குக் கீழே, சட்டத்தின் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கம்பளத்தைத் தூக்கி, தகட்டைக் கழற்றினால் தலை தெரியும். அதைப் பிடித்திருக்கிற இரண்டு நீள போல்ற்றுகள் சட்டத்தைக் குறுக்காகத் துளைத்துக்கொண்டு போகின்றன. நட்டைக் கழற்றலாம். போல்ற்றை வெளியே இழுக்கத்தான் முடியாது. அது வெளியே வருகிற பாதையில் முறுக்குத் தண்டு நிற்கிறது.

முறுக்குத் தண்டு என்பது மைனருக்குச் சுருள்வில் செய்கிற வேலையைச் செய்கிற உருக்குக் கம்பி. முன்சில்லின் கீழ்க்கையிலிருந்து தளத்தின் கீழே நீளமாகப் பின்னால் போகும். சில்லு மேலே போனால் அது முறுகும், பிறகு முறுக்கவிழும். காரின் பாரத்தையே முறுக்கில் அடக்கி வைத்திருக்கிற அந்தக் கம்பியை அசைப்பதென்றால் முன்பக்கத்துக் கீழ்க்கையைத் தாங்கி, அவிழ்த்து, மிகக் கவனமாக இறக்கவேண்டும். ஆகக்கூடி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு றபர் வாசருக்காகக் காரின் ஒரு முன்னங்காலைக் கழற்றவேண்டும். திருத்தநூல் இதை உணர்ச்சி இல்லாமல் சொல்கிறது. பூட்டுவது எப்படி என்ற இடத்தில், கழற்றிய விதத்தைத் திருப்பிச் செய்துகொள் என்கிற பாங்கில் முடித்துவிடுகிறது. கலியாணம் கட்டுவது எப்படி என்று விளக்கிவிட்டு, குடும்பம் நடத்துவதை அதிலிருந்து ஊகித்துக்கொள் என்று சொன்னால் எப்படி?

ஐயா கதிரையோடு கிட்ட வந்தார். நான் முன்னாள் சொந்தக்காரரை மனசில் திட்டிக்கொண்டு காலடித் தகட்டைத் தூக்கினேன். அவருடைய கை இங்கேயும் பட்டிருந்தது. போல்ற்றின் தலை இருக்கவேண்டிய பக்கத்தில் நட்டு இருந்தது. நட்டு இருக்கவேண்டிய பக்கத்தில் தலை. இரண்டையும் அவர் மாற்றிப் போட்டிருந்தார்.

ஒரு கணம் எனக்கு வழக்கமான கோபம் வந்தது. ஐயா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "விளங்கேல்லையோ? உப்பிடிப் போட்டால் அங்கால நட்டைக் கழட்டிப்போட்டு இஞ்சால இழுக்கலாம். கம்பியில கை வைக்கத் தேவையில்லை." உண்மைதான். நட்டு முறுக்குத் தண்டுப் பக்கம் வந்துவிட்டால் அதைக் கழற்றி, போல்ற்றை மறுபக்கமாக, தடை இல்லாத பக்கமாக உருவி எடுக்கலாம். பிஸ்கட் தகர மூடியால் தளம் போட்ட அதே மனிதர், ஒரு தடவை இந்த வேலையை முழுத் துன்பத்தோடும் செய்திருக்கிறார். முன்னங்காலைக் கழற்றியிருக்கிறார். பிறகு பூட்டுகிறபோது, இனி வருகிறவனாவது இந்தப் பாடு படக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அடுத்தது தானா, வேறு யாராவதா என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஒட்டுப்பிளாஸ்டரை மன்னித்துவிட்டேன். 13 மில்லிமீற்றர் ஸ்பனரை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

மைனர்க்காரர்களிடையே இந்தத் தந்திரம் பிரசித்தம் என்பது பிறகு தெரிந்தது. தலைமுறையாகக் கைமாறுகிற ஒரு சின்ன உபகாரம். கார் எப்படி இத்தனை வருசம் ஓடுகிறது என்ற கேள்விக்கு எஞ்சின் பலம், உருக்கின் தரம் என்றெல்லாம் விடை சொல்லலாம். 1962க்குப் பிறகு வந்த மைனரின் 1098 சிசி எஞ்சின் 48 குதிரைப் பலம்தான் தரும். மேம்பாலம் ஏறுகிறபோது அதில் பாதி நித்திரை. உருக்கும் துருப்பிடித்தே தீரும். காரை ஓட வைக்கிறது தேய்ந்ததைக் கழற்றலாம் என்ற ஏற்பாடு. தேய்கிற இடம் எது என்று கம்பனிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தை மாற்றக்கூடியதாக வைத்தான். இன்றைய கார்கள் லேசில் தேயாது. பழுதாகிற அன்றைக்கு மொத்தமாகப் போகும். அதற்குள் புதுக்காருக்குத் தவணை தொடங்கிவிடும்.

அதற்காக எல்லோரும் பழைய கார் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. அவசரமாக விமான நிலையம் போகிற ஆளுக்கும், வெள்ளை உடுப்பு விரும்புகிற ஆளுக்கும், கலியாண மண்டபத்தில் மானத்தோடு சாப்பிட விரும்புகிற ஆளுக்கும் இது சரிவராது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் காருக்கு முன்னர் கிறீஸ் துப்பாக்கி வாங்குங்கள். அங்குலக் கணக்கு ஸ்பனர் செற் வாங்குங்கள், 'ஏறக்குறைய'வை வீட்டுக்குள் விடாதீர்கள். 2021 செப்ரெம்பருக்குப் பிறகு இங்கே வழக்கமாகக் கிடைக்கிற பெற்றோலில் பத்து வீதம் வரைக்கும் எதனோல் கலக்கிறார்கள். அது பழைய றபர் குழாய்களைத் தின்னும். ஆகவே விலை கூடிய, எதனோல் குறைந்த மற்றப் பெற்றோலையே அடியுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள். ஜாக் தூக்குவதற்கு, தாங்கிகள்தான் தாங்குவதற்கு. பகிடிக்கு நடுவில் சொன்னாலும் இது பகிடி இல்லை.

மாஸ்ரர் சிலிண்டரை மாற்றினால் போல்ற்றை அந்த மனிதர் போட்ட விதமாகவே திருப்பிப் போடுங்கள். நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். அடுத்ததாக அந்தத் தகட்டைத் தூக்கப்போகிறவர் உங்கள் பரம்பரையை விசாரிக்கிறபோது, ஒரு நல்ல வார்த்தையாவது கிடைக்கட்டும்.